பனையில் வெட்டிய அடையாளம்

அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் ஒரு மனிதன் யார் என்று தெரிந்துகொள்ள அவனிடம் பேச வேண்டியதில்லை. குடுமி நெற்றிப் பக்கம் முடிந்திருக்கிறதா பின்னால் தொங்குகிறதா, நெற்றியில் என்ன பூசியிருக்கிறான், எதிரே ஆள் வந்தால் ஒதுங்குகிறானா ஒதுங்க வைக்கிறானா என்று பார்த்தால் போதும். கிழக்கேகோட்டை வாசலில் வெற்றிலை விற்கிறவன்கூட, ஆள் தூரத்தில் வரும்போதே இன்னார் என்று சொல்லிவிடுவான். அப்படி ஆளுக்கு ஆள் முத்திரை குத்தி வைத்திருந்த ஊரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், வஞ்சியூரில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் நடந்துவந்த சித்திரப் பள்ளியின் கடைசி வகுப்புப் பையன்களைப் பார்த்து நீலகண்டன் மாஸ்டர் சொன்னார்: "ஒவ்வொருத்தனும் தனக்குன்னு ஒரு அடையாளம் கண்டுபிடிச்சிண்டு வாங்கோ."

அது வியாபாரச் சித்திரம் கற்றுக்கொடுக்கிற பிரிவு. சோப்பு உறை, தைல லேபிள், காலண்டர், கடைப் போர்டு, இவைதான் பாடம். மாஸ்டர் பம்பாயில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்ததை இங்கே செய்ய வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. படிப்பு முடிகிற வருஷம் ஒவ்வொரு மாணவனும் சொந்தமாக ஒரு மார்க்கு, சொந்த எழுத்து, இரண்டே நிறம் என்று தீர்மானித்து, அதைக்கொண்டு விசிட்டிங் கார்டு, கடிதத் தலைப்பு, ஒரு லேபிள், ஒரு போர்டு செய்து கண்காட்சியில் மாட்ட வேண்டும். அது தேறினால்தான் சர்ட்டிபிகேட்.

"பேரை விரலால மறைச்சாலும் இது இன்னான் கைன்னு தெரியணும். தெரியலேன்னா நீங்கள்ளாம் படம் போடறவா இல்லே. வெறும் பெயிண்ட் வாளி."

பின்பெஞ்சில் சேஷன் வாயைப் பொத்திக்கொண்டான். கரமனை அக்ரகாரத்துப் பையன் அவன். அப்பாவுக்கு ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை ஆபீசில் வேலை. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் யோசுவாவின் தோளில் இடித்தான்.

"சாரோட கார்டைப் பார்த்திருக்கியோ? மாலைக்குள்ள ஒரு அன்னம் நிக்குமே. அது இங்கிலீஷ் பிஸ்கட் டப்பா மூடியிலேர்ந்து வந்ததாக்கும். அந்த டப்பால எங்க அத்திம்பேர் ஆத்துல சீடை போட்டு வெச்சிருக்கா. நானே எடுத்துத் தின்னிருக்கேன்."

யோசுவா சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவனோடு அதிக தூரம் வரவில்லை. பாளையத்துக்கு அப்பால் மிஷன் விடுதிக்கு நடந்து போகும் வழியெல்லாம் மாஸ்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டு போனான்.

அவனுக்கு வயது இருபது. குழித்துறைக்குத் தெற்கே ஆனைவிளை என்ற ஊரிலிருந்து வந்தவன். கைத்திறன் பெரியது என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கையைப் பார்த்தாலும் அந்தக் கையாக மாறிவிடுகிற ஒரு சாமர்த்தியம் அவனுக்கு இருந்தது. சேஷன் வரைந்த வீணையை அவன் வரைந்தால் சேஷனுக்கே சந்தேகம் வரும். இதை முதல் இரண்டு வருஷம் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் வருஷம்தான் இது ஒரு குறையாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

தன்னுடையது என்று சொல்ல அவனிடம் என்ன இருந்தது? பெயர் வேதப்புத்தகத்திலிருந்து ஒரு மிஷன் துரைசானி எடுத்துக் கொடுத்தது. சட்டை கடல் கடந்து வந்த தர்மப் பெட்டியிலிருந்து வந்தது. இருப்பது மிஷன் விடுதியில், படிப்பது மிஷன் உபகாரத்தில். மற்றவர்கள் கொடுத்ததை எல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவன் சில நாட்களில் விளையாட்டாக எண்ணிப் பார்ப்பான். மிச்சமாக ஒன்று கட்டாயம் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அப்படி எண்ண முடிந்தது. மாஸ்டர் அந்த மிச்சத்தைத்தான் கொண்டுவரச் சொன்னார்.

முதலில் தாமரை வரைந்தான். பிறகு மயில், பிறகு தீபம். மாஸ்டர் மூன்றையும் மேஜையில் பரப்பினார்.

"இது காலண்டர் லக்ஷ்மி நிக்கற தாமரை. இது சேலை பார்டர் மயில். இந்த தீபம் போன வருஷம் ஒரு பையன் போட்டது, நான்தான் அவனுக்குப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் நன்னாத்தான் இருக்கு. இதுல நீ எங்கேடா இருக்கே?"

யோசுவா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பதில் கிடைத்தது. கிடைத்ததாக நினைத்தான்.

அவனுடைய அப்பா ஞானசிகாமணி பனையேறியாக இருந்தவர். திருவனந்தபுரத்துக் கடைத்தெருவான சாலைக் கம்போளத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த தாணுமாலயன் பிள்ளைக்கு ஆனைவிளையில் பெரிய பனந்தோப்பு. அதில் கிழக்கு வரிசை மரங்களை ஞானசிகாமணி ஏறிவந்தார். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து இடது கால் ஒடிந்த பிறகு சபைக் கோயிலில் மணி அடிக்கிற வேலை கிடைத்தது. சின்ன வயதில் யோசுவா அவருக்குக் கஞ்சி கொண்டுபோவான். அப்பா மேலேயிருந்து இறங்கும் வரையில் மரத்தடியில் நின்று, தன் முகத்துக்கு நேரே தூரில் இருந்த வெட்டுகளைத் தடவிக்கொண்டிருப்பான். இரண்டு சாய்ந்த வெட்டு, அவற்றின் காலடியில் ஒரு குறுக்கு வெட்டு. அந்த வரிசையில் எல்லா மரத்திலும் அது இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அப்பா அரிவாள் முனையால் அவற்றைக் கீறிப் புதிதாக்குவதை அவன் பார்த்திருக்கிறான். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, பத்திரத்தில் பெருவிரலை உருட்டுவார். ஆனால் பனையில் மட்டும் அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார் என்று பையன் நினைத்தான். பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா படிப்பதற்கு முன்பே அவன் படித்த எழுத்து அது. அதைப் பற்றி யாரையும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது என்று நினைக்கிற விஷயங்களில்தான் மனிதன் அதிகமாக ஏமாறுகிறான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தோப்புப் பக்கம் நடந்தவன் பழைய மரம் ஒன்றின் முன் நின்றுவிட்டான். கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தைத் தூரில் அழுத்திப் பிடித்து அடுப்புக்கரியால் உரசினான். கருமைக்குள்ளிருந்து மூன்று வெள்ளை வெட்டுகள் எழுந்துவந்தன. ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் கூராகத் தேய்ந்து முடியும். வளைவே இல்லை. ஒரே வீச்சில் விழுந்த வெட்டு, திருத்தம் செய்ய இடமில்லாத வெட்டு.

கோயிலுக்கு நொண்டிக்கொண்டே போன அப்பா வழியில் நின்று பார்த்தார்.

"அங்க என்ன மக்களே செய்த?"

"சும்மாப்பா."

"கையெல்லாம் கரி. தங்கச்சி வையப் போறா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

திரும்பி வந்த பிறகு யோசுவா வேறு ஆளாக இருந்தான். அந்த மூன்று வெட்டுகளையே மார்க்காக வைத்துக்கொண்டான். அதோடு நிற்கவில்லை. தமிழ் எழுத்து முழுவதையும் அந்த அரிவாள் வெட்டினால் எழுதிப் பார்த்தான். தமிழெழுத்துக்கு உடம்பெல்லாம் வளைவு. அதை வெட்டாக மாற்றுவது லேசான காரியம் இல்லை. 'அ' பல நாள் முரண்டு பிடித்தது. 'ழ' கடைசி வரையில் சரியாக வரவில்லை. ஆனால் வந்த எழுத்துகள் வேறு யாருடைய எழுத்தாகவும் இல்லை. நிறங்கள் இரண்டு: பனந்தூரின் கறுப்பு, கருப்பட்டியின் பழுப்பு. வேலை செய்யும்போது அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அதுவரை அவனிடம் யாரும் கண்டிராத பழக்கம் அது.

சேஷன் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"என்னடா இது, கத்தியால கீறினாப்ல இருக்கு?"

"எங்கப்பாக்க கையெழுத்தாக்கும்."

"உங்கப்பாவுக்கு எழுதத் தெரியாதுன்னியே?"

"இது தெரியும்."

சேஷன் தன் மார்க்காகப் போட்டிருந்த வீணையைப் பார்த்தான். மறுபடி இதைப் பார்த்தான். "என் வீணையை ஆத்துல சுவாமி அலமாரி மேல மாட்டலாம். வேற ஒண்ணுத்துக்கும் ஆகாது," என்றான். அவன் வாயிலிருந்து வந்ததிலேயே பெரிய பாராட்டு அது.

நீலகண்டன் மாஸ்டர் வந்து பார்த்தார். கார்டைக் கையில் எடுத்தார், பெயரின் மேல் விரலை வைத்து மறைத்தார், விரலை எடுத்தார். கண்காட்சிக்குப் படங்களை மாட்டும்போது யோசுவாவின் போர்டை வாசலுக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டச் சொன்னார். அன்று யோசுவா தம்பானூர் வரையில் காரணமில்லாமல் நடந்தான். ரயிலடியில் இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் இன்னும் தங்களுடைய மிச்சத்தைக் கண்டுபிடிக்கவில்லையே என்று அவனுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. அவன் வாழ்க்கையில் அப்படிப்பட்ட நாள் பிறகு வரவில்லை.

கண்காட்சிக்கு வியாபாரிகளை அழைப்பது பள்ளியின் வழக்கம். பிடித்ததை எடுத்துக்கொண்டால் பையனுக்கும் பிழைப்பு, பள்ளிக்கும் பெயர். அந்த வருஷம் வந்தவர்களில் தாணுமாலயன் பிள்ளையும் இருந்தார். பருத்த உடம்பு, சந்தனக் கீற்று, வாய் நிறைய வெற்றிலை. வாசலில் கால் வைத்ததும் எதிரே இருந்த போர்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீலகண்டன் சாரே, இது ஆரு போட்ட படம்?"

"நம்ம யோசுவா. அதோ தூண் பக்கத்துல நிக்கறானே, அவன்தான்."

"எந்த ஊருடே ஒனக்கு?"

"ஆனைவிளை," என்றான் யோசுவா. அவர் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் தோப்பில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான்.

"ஆனைவிளையில ஆருக்க மவன்?"

"ஞானசிகாமணிக்க மவன்."

"ஏறிக்கிட்டிருந்தானே, காலு ஒடிஞ்சவன், அவனுக்க மவனா?"

கூடத்தில் பேச்சு குறைந்தது. யோசுவா தலையை ஆட்டினான்.

பிள்ளை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, உண்மையிலேயே மகிழ்ந்துபோன சிரிப்பு. "அதானே. நம்ம தோப்பு அடையாளம் எப்பிடி வந்து வஞ்சியூருல ஆணியில தொங்குதுன்னு பாத்தேன்."

"இது எங்கப்பாக்க அடையாளம்," என்றான் யோசுவா.

"ஒங்கப்பன் ஏறின மரத்துல இருந்துது. அதுனால அவனுக்க அடையாளமா ஆயிருமா? கெழக்கு வரிசைக்கு எங்க கணக்குப்பிள்ளை போட்ட வெட்டாக்கும் இது. மாட்டுக்குப் போடுத சூடு மாட்டுக்கதா, மாட்டுக்காரனுக்கதாடே?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளை அதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு கணக்கை விளக்குகிற தொனியில்தான் சொன்னார். "நம்பிக்கை இல்லன்னா அவன்கிட்டயே போயிக் கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லு."

பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "பய நன்றியுள்ளவன். ஏறித் தின்ன மரத்த மறக்கல பாத்தீரா? இத நம்ம கடைக்கு எடுத்துக்கிடுதேன். படம், எழுத்து, கலரு எல்லாம் இப்பிடியே இருக்கட்டு. பெட்டிக்குப் பெட்டி ஒட்டலாம்."

நீலகண்டன் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. யாரோ யோசுவாவின் முதுகில் தட்டினார்கள். வெற்றி என்று உலகம் சொல்லுகிற காரியம் அவனுக்கு நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் நாகர்கோவில் பஸ் பிடித்து ஊருக்குப் போனான். அப்பா கோயில் முற்றத்து மாமரத்தடியில் மணிக்கயிற்றுக்குப் புரி முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை சற்குணம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். அகாலத்தில் வந்து நின்ற மகனைப் பார்த்து அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க. ஒரு காரியம் கேக்கணும். கெழக்கு வரிசைப் பனையில ரெண்டு சாய்வெட்டும் ஒரு குறுக்குவெட்டும் கெடக்குல்லா. அத ஆரு வெட்டினது?"

"ஆரு வெட்டினா ஒனக்கென்ன?"

"நீங்க வெட்டினதுதானே?"

"நான் எதுக்கு வெட்டணும்? கணக்குப்பிள்ளைக்க ஆளு வந்து வெட்டுவான். ஏறுதவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு வெட்டு. இன்ன மரத்துல எறக்குத அக்கானிக்கு இன்னார் பொறுப்புன்னு அவனுக்குத் தெரியணும்லா."

"வருஷா வருஷம் நீங்கதானே கீறி விடுவிய. நான் பாத்திருக்கேன்."

"தூந்து போச்சுன்னா அடுத்தவனுக்க மரம்னு மாத்திருவான். அந்தப் பயத்துல கீறினது." அவர் கயிற்றை மடியில் போட்டார். "எனக்கு முன்ன அது வேலாயுதனுக்க வெட்டு. அவன் உச்சியிலேருந்து விழுந்து செத்தான். அந்த வரிசை எனக்கு வந்துது, வெட்டும் கூடவே வந்துது. என் காலு போனப்பொறவு இன்னொருத்தனுக்குப் போச்சு. இப்ப ஆருக்குன்னு நான் கேக்கல. எதுக்கு இதெல்லாம்?"

யோசுவா சொன்னான். அடையாளம் தேடச் சொன்னது, கரியால் உரசி எடுத்தது, போர்டு, பிள்ளை வந்தது எல்லாம். ஞானசிகாமணியின் முகத்தில் கடைசியில் சொன்னது ஒன்றுதான் பட்டது.

"மொதலாளிக்குக் கோவமா?"

"இல்ல. சந்தோசம்."

"அப்பொ குடுத்துரு மக்களே."

"அது உங்களுக்கதுன்னு நெனச்சுல்லா நான்..."

"எனக்கு எதுக்குடே அது?" அவர் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. "இவளுக்கு இப்பத்தான் ஒரு வாத்தியாரு வீட்டுல பேசியிருக்கு. நாம ஏறுத கூட்டம்னு அவியளும் மறந்தாப்புல இருந்தாவ. நீ அதக் கொண்டு திருவனந்தபுரத்துல ஆணியடிச்சு வச்சிருக்க. அண்ணைக்கு மரத்தடியில என்ன செய்தன்னு கேட்டேன். சும்மான்னு சொன்ன. சொல்லியிருந்தா அங்கயே சொல்லியிருப்பேம்லா."

சற்குணம் கயிற்று முனையைக் கீழே வைக்காமலே, "அண்ணா, கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ," என்றாள்.

அவன் குடித்தான். பிறகு அடுத்த பஸ்ஸில் திரும்பினான். கரமனைப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது கீழே படித்துறையில் குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். கணக்குப்பிள்ளையின் ஆள் அவசரத்தில் போட்ட வெட்டு அது. அதற்கு அழகு உண்டு என்று அவனுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பார்த்தவன் தான் ஒருவன்தான். எழுத்தையெல்லாம் அதிலிருந்து உருவாக்கியதும் தான்தான். அப்படியானால் அது தன்னுடையது ஆகாதா? நியாயப்படி ஆகும் என்றே பட்டது. ஆனால் மனத்துக்குள் அந்த மூன்று வெட்டுகளை நினைத்துப் பார்த்தபோது அவை பழையபடி இல்லை. அப்பாவின் கை அதிலிருந்து போய்விட்டிருந்தது. அங்கே இப்போது பயம் இருந்தது. தூர்ந்துபோனால் மரம் போய்விடுமே என்று வருஷா வருஷம் கீறிய பயம். அதற்கும் கீழே, விழுந்து செத்த வேலாயுதன் இருந்தான். பிள்ளை எடுத்துக்கொண்ட பொருளுக்காகச் சண்டை போடலாம். உள்ளே ஒன்றுமில்லாமல் போன பொருளுக்காக எப்படிச் சண்டை போடுவது?

இருந்தாலும் மாஸ்டரிடம் போனான்.

"சார், அந்தப் படங்கள எடுத்துக்கிடுதேன். வேற போட்டுத் தாரேன்."

"நன்னா யோசிச்சுத்தான் பேசறியா? இத்தனை வருஷத்துல ஒரு பையனோட மார்க்கை ஒரு வியாபாரி வந்து கேட்டதில்லே."

"அது என்னுது இல்ல சார்."

"உன்னுதா இல்லையான்னு இப்ப யார் கேட்டா?"

"நீங்கதான் சார் கேட்டிய. இதுல நீ எங்கேடா இருக்கேன்னு."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜையில் அவருடைய கார்டுகள் ஒரு கட்டு கிடந்தன. மாலைக்குள் அன்னம் நின்றுகொண்டிருந்தது. அவர் பார்வை அதன்மேல் கொஞ்சநேரம் இருந்துவிட்டு விலகியது. "கேட்டேன். வாத்தியார்னா கேக்கத்தான் வேணும். வயித்துப்பாட்டுக்கு ஆகுமான்னு நீ பார். தம்பானூர்ல கல்லச்சுக் கூடத்துல ஆள் வேணுமாம். பிள்ளை கடை லேபிளே அங்கேதான் அடிக்கப் போறா. அந்த மார்க்கைப் போட்ட பையன்தான் இவன்னு சொன்னா நாளைக்கே சேர்த்துப்பா."

சர்ட்டிபிகேட், வேலை, தங்கையின் கல்யாணம் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. மறுபக்கம் நிற்பதற்கு ஒன்றும் இல்லை. யோசுவா கொடுத்துவிட்டான்.

சேஷன் தன் வீணையோடு தேறினான். அதைச் சொன்னபடியே சுவாமி அலமாரி மேல் மாட்டிவிட்டு, அப்பா சொல்லி வைத்திருந்த ஹஜூர் கச்சேரி வேலைக்குப் போய்விட்டான். பிரிகிறபோது, "நீயாவது தொழில்ல இருக்கேடா," என்றான். அதில் பொறாமையும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. சேஷனுக்கு அடையாளம் தேட வேண்டிய அவசியம் எப்போதும் இருந்ததில்லை. அவன் பிறக்கும்போதே எல்லாரும் சேர்ந்து தேடி வைத்திருந்தார்கள்.

கல்லச்சுக் கூடத்தில் யோசுவா செய்த முதல் வேலை, தன் எழுத்தைப் பிள்ளையின் பெயருக்காக, லேபிள் அச்சடிக்கிற கல்லில் எழுதியது. 'ழ' இல்லாத பெயர் என்பதால் நன்றாகவே வந்தது. சில மாதங்களில் சாலைக் கம்போளத்தில் எங்கே பார்த்தாலும் கறுப்பும் பழுப்புமாக அந்த மூன்று வெட்டுகள் தெரிய ஆரம்பித்தன. படிக்கத் தெரியாத சுமைக்காரர்கள்கூட அதைப் பார்த்துப் பெட்டியை இறக்கினார்கள். பேரை மறைத்தாலும் இன்னார் சரக்கு என்று தெரிந்தது. மாஸ்டர் வைத்த பரீட்சையில் அது தேறிவிட்டது. தேறியவர் தாணுமாலயன் பிள்ளை.

இரண்டொரு தடவை அவன் அந்த எழுத்தை வேறு வேலையில் உபயோகிக்கப் பார்த்தான். கயிறு வியாபாரி ஒருவர் லேபிளைக் கையில் எடுத்த உடனே திருப்பிக் கொடுத்தார். "இது தாணுமாலயன் பிள்ளை கடைக்க எழுத்துல்லா? பாத்தா அவரு கேஸ் போடுவாரு. நீ ஆளப் பாத்து எழுத்தத் திருடாத." அச்சுக்கூட முதலாளியும் கூப்பிட்டுக் கண்டித்தார். நான்தான் அதைப் போட்டவன் என்று யோசுவா சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி அது எங்கிருந்து வந்தது என்பதாக இருக்கும். அவன் கல்லை அழித்துவிட்டுத் தாமரை வரைந்தான்.

அதன் பிறகு தாமரைதான். சங்கு கேட்டவனுக்குச் சங்கு, யானை கேட்டவனுக்கு யானை, கப்பல் கேட்டவனுக்குக் கப்பல். மற்றவர் கையாக மாறுகிற பழைய சாமர்த்தியம் எங்கும் போய்விடவில்லை. உத்தரவு போட்ட மாதிரி திரும்ப வந்தது. "எது கேட்டாலும் போட்டுத் தருவான்" என்று ஊரில் பெயர் வாங்கினான். கல்யாணம் செய்துகொண்டான். அவன் மனைவி சுசீலாபாய், வீட்டு வாசலுக்கு ஒரு பெயர்ப் பலகை எழுதி மாட்டுங்களேன் என்று பல தடவை சொன்னாள். ஊருக்கெல்லாம் போர்டு எழுதுகிறவன் வீட்டில் போர்டு இல்லை என்று பக்கத்து வீட்டார் கேலி செய்கிறார்களாம். எழுதலாம், எழுதலாம் என்று சொல்லியே வருஷங்கள் போயின.

நாற்பத்தாறில் ஞானசிகாமணி இறந்துபோனார். செய்தி வந்த அன்றே யோசுவா மனைவியோடு ஊர் போய்ச் சேர்ந்தான். சற்குணம் வாத்தியார் புருஷனோடு முன்பே வந்திருந்தாள். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை கடை ஆள் ஒருவன் தலையில் ஓலைப்பெட்டியோடு வந்தான். துக்க வீட்டுக் காப்பிக்குப் பிள்ளை கருப்பட்டி அனுப்பியிருந்தார். பழைய ஆளை மறக்காத மனிதர் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பெட்டி மூடியில் லேபிள் ஒட்டியிருந்தது. அடுப்புப் பக்கம் இருந்த பெண் மூடியைத் திறந்து, லேபிளோடு சேர்த்து ஓலையைக் கிழித்துத் தீயில் போட்டாள். காப்பி எல்லாருக்கும் வந்தது. யோசுவாவுக்கும் ஒரு குவளை வந்தது. நல்ல கருப்பட்டிதான். குடித்தான்.

அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு கல்லறைக்குக் கல் வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. கல்கொத்தன் நேசமணி கல்லைத் தயார் செய்துவிட்டு, எழுத்தை உள்ள அளவுக்கே காகிதத்தில் எழுதித் தந்தால் அப்படியே கொத்திவிடலாம் என்றான். எழுதிக் கொடுக்க யோசுவா இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

யோசுவா கோயில் முற்றத்து மாமரத்தடியில் காகிதத்தை விரித்து உட்கார்ந்தான். அப்பாவின் பெயரை எழுத ஆரம்பித்தான். 'ஞா' ஆழமாக ஒரு வெட்டாக இறங்கியது. 'ன' சாய்ந்து நின்றது. பாதி எழுதிய பிறகுதான் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தான். பத்து வருஷம் எழுதாத எழுத்து. கல்லில் வெட்டுவதற்கென்றே பிறந்ததைப்போல இருந்தது. அவன் நிறுத்தவில்லை. பெயரை எழுதி முடித்தான், கீழே வருஷங்களை எழுதினான். நெடுநாளைக்குப் பிறகு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

நேசமணி காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா ஒரு காரியம். இது தாணுமாலயன் மார்க்குக் கருப்பட்டிக்க எழுத்துல்லா?"

யோசுவா பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஓய், நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதேயும். இதக் கொத்தி வச்சா கல்லறைத் தோட்டத்துக்கு வாறவன்லாம் கருப்பட்டிக் கல்லுன்னு சொல்லிச் சிரிப்பான். இருந்த காலமெல்லாம் அவருக்க ஆளா இருந்தாரு. செத்தபொறவும் கல்லுல அப்பிடித்தான் எழுதி வைக்கணுமா? வேற எழுதித் தாரும்."

யோசுவா காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். கொத்தன் சொன்னது சரி. அதைப் பார்க்கிற கண் எதுவாக இருந்தாலும் முதலில் பிள்ளையைத்தான் பார்க்கும். அவன் கண்ணும்கூட, இப்போது அப்படித்தான் பார்த்தது.

கோயிலுக்குள் போய் மேஜைமேல் இருந்த வேதப்புத்தகத்தை எடுத்து வந்தான். முதல் பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அளவு பிசகாமல், அப்பாவின் பெயரை வேறொரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். நேசமணிக்குத் திருப்தி. அந்த வாரமே கொத்தி முடித்தான்.

கல் இப்போதும் ஆனைவிளைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. எழுத்து நேராக, தெளிவாக, பக்கத்துக் கற்களில் இருக்கிற எழுத்தைப் போலவே இருக்கிறது. அது யாருடைய கை என்று சொல்ல முடியாது.